பச்சைக் காரின் இடது பக்கம்

அத்தியாயம் 14

பட்டறைக்காரரைத் திட்டி ஏகப்பட்ட கடிதங்கள். வீட்டோடு இருந்த மாப்பிள்ளையை வாடிக்கையாளர் முன்னால் அவமானப்படுத்தி அனுப்பியவரை என்ன செய்தால் தகும் என்று கேட்டிருக்கிறீர்கள். திட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் இந்த வாரத்தைக் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரி. பல் டாக்டரம்மாவின் பழைய பச்சைக் கார், இரண்டே பேர் உட்காரக்கூடியது. உடம்பு முழுக்க ஃபைபர், தகரம் துளியும் கிடையாது. போன வருஷம் அதற்குப் புதுசாகப் பெயின்ட் அடித்தவர் பட்டறைக்காரரின் மாப்பிள்ளை. படகு ரிப்பேர் செய்யும் இடத்திலிருந்து வந்தவர் என்பதால் பட்டறையில் அவருக்குப் 'படகுக்காரர்' என்றே பெயர். அடித்த மூன்றாம் மாதம் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. அவசரப்பட்டுக் கோட்டு மேல் கோட்டு அடித்ததுதான் காரணம் என்று மாமனார் தீர்ப்புச் சொன்னார். மாப்பிள்ளை அன்று சாயங்காலமே ஒரு பையோடு வெளியேறினார். பிறகு மாமனாரே தன் கையால் மறுபடி அடித்துக் கொடுத்தார். ஆறு மாதம் கழித்துப் போன வாரம் அந்தக் கார் திரும்பி வந்து நின்றது, அதே கொப்புளங்களோடு.

இனி, வியாழக்கிழமை காலை.

பட்டறைக்காரர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். முப்பது வருஷமாகத் தகரத்தைத் தட்டிப் பழகிய விரல்கள் பானட்டைத் தட்டின. தகரமாயிருந்தால் இந்நேரம் பதில் சொல்லியிருக்கும். இது மொத்து மொத்தென்று சத்தம் போட்டது.

"பெயின்ட் கம்பெனிக்காரன்தான் ஏமாத்தியிருக்கான்" என்றார். "இல்லன்னா அந்தம்மா வெயில்ல போட்டு வெச்சிருப்பாங்க."

"வெயில் எல்லாப் பக்கமும்தானேப்பா அடிக்கும்?" என்றாள் மகள்.

அவள்தான் கலர்க்காரி. பட்டறைக்காரரின் ஒரே மகள், படகுக்காரரின் மனைவி. பெட்ரோல் டாங்க் மூடியை மட்டும் கழற்றிக் கொடுத்தால் போதும், இருபது வருஷம் வெயில் தின்ற நிறத்தையும் அப்படியே கலந்து கொடுத்துவிடுவாள். கண் அவ்வளவு சுத்தம். அந்தக் கண் போன வாரத்திலிருந்து இந்தக் காரைப் பார்க்கவே கூசியது.

காரணம் உண்டு. அன்றைக்கு டாக்டரம்மா முன்னால் அப்பா கத்தியபோது, அவளும் ஒரு வார்த்தை சொன்னாள். "ரெண்டாவது கோட்டுக்கு நேரம் விடலையோ என்னமோ." அவ்வளவுதான். அப்பா சொன்ன பத்து வார்த்தைக்குத் தலை குனியாத மனுஷன் அந்த ஒன்றுக்குக் குனிந்தார்.

இன்று நாலு மணிக்கு டாக்டரம்மா வரப்போகிறார். போன வாரமே கறாராகச் சொல்லிவிட்டார். "போன தடவை ஒருத்தர் தலையில கட்டினீங்க. இப்ப யார் தலை? எனக்கு யாரு என்னன்னு தெரிஞ்சாகணும்."

கலர்க்காரி ஒரு சாக்பீஸை எடுத்தாள். ஒவ்வொரு கொப்புளத்தையும் வட்டம் போட ஆரம்பித்தாள். கடுகளவு, மிளகளவு, சட்டைப் பித்தான் அளவு.

"என்ன பண்ற?"

"எண்ணிப் பாக்கறேன்ப்பா. அவர் இப்படித்தான் பண்ணுவார்."

அப்பா பானட்டிலிருந்து கையை எடுத்தார். அந்த 'அவர்' பட்டறைக்குள் காதில் விழுந்து ரொம்ப நாளாயிற்று.

வட்டம் போட்டு முடித்ததும் பிளேடை எடுத்தாள். பானட்டின் மேலிருந்த பெரிய கொப்புளத்தைக் கீறினாள். பிசுபிசுவென்று ஒரு சொட்டு வெளியே வந்தது. மூக்கைச் சுளிக்க வைக்கும் நெடி. எங்கேயோ முகர்ந்த நெடிதான், ஆனால் பிடிபடவில்லை.

கீறிய இடத்தை நகத்தால் தூக்கினாள். ஒரே தோலாக உரிந்து வந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்து ஓரத்தைப் பார்த்தாள். மேலே அப்பா அடித்த பச்சை. அதற்குக் கீழே கணவர் அடித்த பச்சை. அதற்கும் கீழே அவர் அடித்த சாம்பல் பிரைமர். ஒன்றையொன்று விடாமல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தன. உரிந்த இடத்தில் வெறும் ஃபைபர் தெரிந்தது.

"அப்பா, இங்க வாங்க."

வந்தார்.

"அவசரமா அடிச்சிருந்தா எங்க கிளம்பியிருக்கணும்?"

"கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல. உள்ள இருக்கற தின்னர் வெளிய போக வழியில்லாம முட்டும்."

"பிரைமர்?"

"பிரைமர் அப்படியே உக்காந்திருக்கும்."

அவள் அந்தத் தோலை அவர் உள்ளங்கையில் வைத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பது வருஷ அனுபவம் சும்மா இல்லை, பார்த்த உடனே புரிந்துவிட்டது. புரிந்ததை ஒப்புக்கொள்ளத்தான் நேரம் பிடித்தது.

"அடியோட வந்திருக்கு" என்றார் மெதுவாக.

"நாம முதல் தடவையே இத அறுத்துப் பாக்கலப்பா."

ஆமாம், பார்க்கவில்லை. கொப்புளத்தின் தலையை மட்டும் தேய்த்து, பட்டி தடவி, மேலே பச்சை அடித்துவிட்டார். குற்றவாளிதான் கையில் இருக்கிறானே, அப்புறம் எவன் துப்பு துலக்குவான்? பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

"ஈரமா இருக்கும்" என்றார் பட்டறைக்காரர், குரலைக் கொஞ்சம் மீட்டுக்கொண்டு. "ஃபைபர் தண்ணியக் குடிக்கும்னு சொல்வான்ல. டாக்டரம்மா வீட்டுல ஷெட் ஒழுகியிருக்கும்."

அதையும் சோதிக்க ஒரு வழியை அவள் கணவரிடம் பார்த்திருந்தாள். இடது மட்கார்டில், கொப்புளங்களுக்கு நடுவே சுத்தமாக இருந்த ஒரு துண்டு இடத்தில் பெயின்டை ஃபைபர் வரைக்கும் சுரண்டினாள். அதன் மேல் கண்ணாடி போலிருந்த பிளாஸ்டிக் ஷீட்டை வைத்து நாலு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டினாள். பக்கத்தில் சூடு விளக்கைப் போட்டாள். உள்ளே ஈரம் இருந்தால் மத்தியானத்துக்குள் ஷீட்டின் அடியில் வேர்த்துவிடும்.

மத்தியானம் வேர்வைக்கு முன்னால் அம்மாதான் வந்தாள், சாப்பாட்டுக் கேரியரோடு. மூன்று தட்டுகளை வைத்துவிட்டு, காரின் மேலிருந்த சாக்பீஸ் வட்டங்களைப் பார்த்தாள்.

"இதென்ன, வண்டிக்கு அம்மை போட்ட மாதிரி?"

அம்மா பரிமாறிக்கொண்டே போகிற போக்கில் சொன்னாள். "மாப்பிள்ளை டைல்ஸ் குடோன்ல வேலைக்குச் சேந்திருக்கார். பெட்டி தூக்கற வேலை."

கலர்க்காரியின் கை தட்டிலேயே நின்றது. "உனக்கு யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? வாரம் ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வரேன். நீங்க ரெண்டு பேரும் வண்டியத்தானே பாத்துக்கிட்டிருந்தீங்க. மனுஷனையும் யாராவது பாக்கணும்ல?"

"பெட்டி தூக்கறாரா? பெயின்ட் வேலை கிடைக்கலையாமா?" என்றார் அப்பா.

"நாலு இடத்துல கூப்பிட்டாங்களாம். மாட்டேன்னுட்டாராம்."

"ஏன்?"

"அத என்கிட்ட கேட்டா?" அம்மா மகளைப் பார்த்தாள். "கேக்க வேண்டியவ கேக்கணும்."

சாப்பாடு யாருக்கும் இறங்கவில்லை. கேரியர் முக்கால்வாசி நிறைந்தபடியே திரும்பிப் போயிற்று.

இரண்டு மணிக்கு ஷீட்டைப் பார்த்தாள். ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. டேப்பைப் பிய்த்து ஷீட்டைத் தூக்கியபோது நெடி மட்டும் குப்பென்று முகத்தில் அடித்தது. காலையில் பிடிபடாத அதே நெடி. விளக்குச் சூட்டில் நன்றாகக் கிளம்பியிருந்தது.

இந்த முறை பிடிபட்டுவிட்டது.

அவள் மெதுவாக ஸ்டூலை இழுத்துப் போட்டு மேலே ஏறி நின்றாள். அங்கிருந்து பார்த்தால் மொத்தக் காரும் தெரியும். வலது பக்கம் ஒரு வட்டம் கூட இல்லை. கதவுகளில் இல்லை, பின்பக்கத்தில் இல்லை. பானட் முழுக்க இருந்தன. இடது மட்கார்டில் இருந்தன, ஆனால் முழுக்க இல்லை. ஹெட்லைட்டுக்குக் கீழே, மட்கார்டின் பாதியில், சாய்வாக ஒரு கோடு கிழித்த மாதிரி வட்டங்கள் நின்றுபோயிருந்தன. அந்தக் கோட்டுக்கு அப்பால் சுத்தம்.

அந்த இடத்தில் என்ன தீர்ந்துபோனது என்று இந்த உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும்.

பழைய பெயின்டைக் கரைத்து உரிக்கிற ரிமூவர் டப்பா.

போன வருஷம் படகுக்காரர் இந்தக் காரின் பழைய பெயின்டை உப்புத்தாள் வைத்துக் கையாலேயே தேய்த்தார். மூன்று வாரம். மணிக்கட்டு வீங்கி, டம்ளரைத் தூக்க முடியாமல் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை அவளுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அக்கா வீட்டுக்குப் போன நேரம், அப்பா தகர வண்டிக்குப் போடுகிற ரிமூவரை எடுத்துப் பானட்டில் தடவினாள். பழைய பெயின்ட் பாலாடை போலச் சுருண்டு வந்தது. மட்கார்டு பாதியில் டப்பா காலி. மிச்சத்தைத் தேய்த்தாள். எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வைத்தாள்.

"எப்படி ஒரே நாள்ல?" என்று கேட்டார் அவர் அன்று சாயங்காலம்.

"மெஷின்ல தேய்ச்சேன்" என்றாள். கஷ்டப்பட்டுச் செய்தாள் என்று அவர் நினைக்கட்டுமே என்ற சின்ன ஆசை. மனைவிமார்களுக்கு வருகிற ஆசைதான், பெரிய பாவம் ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்னால் அவர் சாப்பிடும்போது சொல்லியிருந்தார். "தகரத்துல ரிமூவர் மேலயே நிக்கும், கழுவினா போயிடும். ஃபைபர் அத உறிஞ்சி உள்ள வெச்சுக்கும். அப்புறம் என்னிக்காவது வெயில்ல கக்கும். அதனால ரிமூவர் மட்டும் கூடவே கூடாது." அவள் காதில் வாங்கினாள், மனதில் வாங்கவில்லை. அப்பா முப்பது வருஷமாகப் போடுகிறாரே, படகுக்காரர்களுக்கு எல்லாமே அதிகப் பத்தியம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஸ்டூலிலிருந்து இறங்கினாள். மட்கார்டின் சுரண்டிய இடத்தில் நகத்தை வைத்து அழுத்தினாள். ஃபைபர் மெத்தென்று உள்வாங்கியது.

"அப்பா" என்றாள். "இத செஞ்சது நான்."

அவள் சொல்லி முடிக்கும் வரை பட்டறைக்காரர் நின்றே கேட்டார். பிறகு அவர் செய்த முதல் காரியம், பட்டறை ஷட்டரைப் பாதி இறக்கியது. ஆயிரம் திட்டுங்கள், ஆனாலும் அவர் தகப்பன்.

"இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும்."

"அப்பா!"

"கேளு பாப்பா. டாக்டரம்மாகிட்ட ஈரம்னு சொல்லிடலாம். கை காசு போட்டு மொத்தமா செஞ்சு குடுத்துடறேன். உன் புருஷன்கிட்ட நானே போய்ப் பேசறேன். நான்தான் அவசரப்பட்டுத் திட்டிட்டேன்னு சொல்றேன். கால்ல வேணா விழறேன். ஆனா நீ செஞ்சேன்னு அவனுக்குத் தெரிஞ்சா... உன் வாழ்க்கை என்னம்மா ஆகும்?"

"இப்ப என்னப்பா வாழ்க்கை இருக்கு?"

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான் கத்தினப்போ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாம்ல அவன்" என்றார். "ஒரு தடவையாவது இல்ல மாமான்னு சொல்லியிருக்கலாம்ல."

டாக்டரம்மா சொன்னபடி நாலு மணிக்கு வந்தார். கலர்க்காரி அவரை நேராகக் காரிடம் அழைத்துப் போய், உரித்த தோலைக் காட்டி, சாக்பீஸ் கோட்டைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னாள். ஒளிக்கவில்லை. முழுப் பூசணிக்காய் ஆறு மாதமாகச் சோற்றில் மறைந்து கிடந்தது, அவளே அறியாமல்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொத்தைய உள்ள விட்டுட்டு மேல அடைச்சிருக்கீங்க. அதுவும் ரெண்டு தடவை."

"ஆமாங்க டாக்டர்."

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டியா?"

"இனிமேதான்."

"சீக்கிரம் சொல்லு. அவர் என் கிளினிக்குக்கு வந்திருந்தார், தெரியுமா?"

கலர்க்காரி தலையை ஆட்டினாள். தெரியாது.

"இங்கேருந்து போன மறுநாள். பேஷன்ட்டுங்களோட வரிசைல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தார். உள்ள வந்து, 'என் கைதான் தப்பு பண்ணியிருக்கு டாக்டர், மன்னிச்சுக்கோங்க'ன்னார். எங்க தப்பு நடந்துச்சுன்னு கேட்டேன். 'எவ்வளவு யோசிச்சும் தெரியல. ஆனா என் சம்சாரத்தோட கண்ணு தப்பாப் பாக்காது. அவளே சொல்லும்போது நடந்துதான் இருக்கும்'னார்."

பட்டறைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கணவர் ஏன் திருப்பிப் பேசவில்லை என்று ஆறு மாதமாகக் கலர்க்காரி கோபித்துக்கொண்டிருந்தாள். ரோஷம் என்று நினைத்தாள், அழுத்தம் என்று நினைத்தாள். அவர் நம்பியிருக்கிறார். அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள், அவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு தன் கையையே சந்தேகப்பட்டிருக்கிறார். அதனால்தான் நாலு இடத்தில் கூப்பிட்டும் மாட்டேன் என்றிருக்கிறார்.

"வண்டி இங்கயே இருக்கட்டும்" என்றார் டாக்டரம்மா, கிளம்பும்போது. "ஆனா அவர் கை வைக்காம யாரும் அதத் தொடக் கூடாது."

குடோன் ஆறு மணிக்கு மூடும். அம்மா சொன்ன வழியில் பஸ் மாறி அவள் போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை. உள்ளே கூரை வரைக்கும் அட்டைப் பெட்டிகள். அவர் ஒரு பெட்டியைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். அவளைப் பார்த்ததும் பெட்டியை ஓரமாக வைத்தார், சத்தமே வராமல். எதையும் பதமாக வைக்கிற கை அது.

"அத்தைக்கு ஏதாவது...?" என்றார் பதறி.

"அம்மா நல்லாருக்காங்க. நான்தான்... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

வழியெல்லாம் கோர்த்து வைத்த வார்த்தைகள் ஒன்று கூட உதவவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கி, டப்பாவைச் சொல்லி, மெஷினில் தேய்த்ததாகச் சொன்ன பொய்யைச் சொல்லி, இன்றைய பிளேடில் முடித்தாள். முடித்ததும் அவர் கேட்டது வேலையைப் பற்றித்தான்.

"பிரைமர்?"

"கெட்டியா பிடிச்சிருந்துச்சுங்க. உங்க கோட்டு ஒண்ணுகூடப் பிரியல. மொத்தமா அடியோட வந்துச்சு."

"வலது பக்கம்?"

"ஒரு புள்ளி இல்ல. நீங்க தேய்ச்ச இடம் எதுலயும் இல்ல."

அவர் பெட்டி மேல் உட்கார்ந்தார். தன் இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் சரியாத்தான் செஞ்சிருக்கேன்" என்றார்.

அவளிடம் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார். பிறகு அந்த மனுஷன், மாமனார் கத்தியபோது கலங்காதவர், தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கோபத்துக்குத் தயாராக வந்திருந்தாள் கலர்க்காரி. இதற்குத் தயாராக இல்லை. பக்கத்தில் போகவும் துணிவில்லாமல், திரும்பிப் போகவும் முடியாமல் நின்றாள்.

"என்னை மன்னிச்சிடுங்க" என்றாள். "உங்க கை வலிக்குதேன்னுதான்..."

"ரிமூவர விடு." துண்டை எடுத்தார். கண் சிவந்திருந்தது, குரல் நிதானமாக இருந்தது. "எனக்காகத்தானே செஞ்ச. அது புரியுது. தெரியாம செஞ்சது. ஆனா அந்த ரெண்டாவது கோட்டு... நான் நேரம் விட்டேனா இல்லையான்னு உனக்கு நிஜமாவே தெரியுமா?"

அவள் தலையைக் குனிந்தாள். "தெரியாதுங்க. அப்பா அவ்வளவு கத்தும்போது ஏதாவது சொல்லணுமேன்னு சொல்லிட்டேன்."

"ஏதாவது சொல்லணுமேன்னு" என்று அவர் அதையே மெதுவாகத் திருப்பிச் சொன்னார்.

குடோன் மணி அடித்தது. ஆட்கள் கை கழுவப் போனார்கள். அவர் எழுந்து கடைசிப் பெட்டியை அதன் வரிசையில் அடுக்கினார். திரும்பி வந்தபோது தொழில் தெரிந்தவரின் குரலில் பேசினார், படகுக்காரரின் பழைய குரலில்.

"மாமாகிட்ட சொல்லு. யாரும் மேல பட்டி வைக்க வேணாம். பானட்டையும் மட்கார்டையும் ஃபைபர் வரைக்கும் தேய்க்கணும், கையால. மெத்துனு இருக்கற எடத்தையெல்லாம் வெட்டி எடுத்துப் புதுசா ஃபைபர் போடணும். விளக்குச் சூட்டுல ஒரு மாசமாவது கிடக்கணும், அந்த நெடி சுத்தமா போற வரைக்கும். அப்புறம்தான் பிரைமர். பானட்டுக்கு அடிப்பக்கமும் அடிக்கணும். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி யாரும் பச்சை டப்பாவத் திறக்கக் கூடாது."

"நீங்களே வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"நாளைக்குக் காலைல வரேன்."

அவள் முகம் மலர்ந்ததை அவர் பார்த்தார். பார்த்ததும், அவசரமாகச் சொன்னார், வலிக்காமல் சொல்ல வேண்டுமே என்கிற மாதிரி.

"வண்டியப் பாக்க வரேன். அது என் கை வேலை, பாதில விட முடியாது. சாயங்காலம் என் ரூமுக்குத் திரும்பிடுவேன். அத்தைகிட்ட சொல்லிடு, எனக்கும் சேத்து உலை வைக்கப் போறாங்க."

"சரிங்க" என்றாள்.

வாசல் வரை இருவரும் ஒன்றாகத்தான் வந்தார்கள். பஸ் நிறுத்தம் இடது பக்கம், அவர் ரூம் வலது பக்கம். பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றாள். அவர் நடந்தார். கடைசி வரை அவர் அவளைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு பின்னாலேயே போயிருப்பாள்.